பரண்மேல் ஏறிய நாற்காலி

வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்கு முந்தி உதவுவது எங்கள் தொழில். அதில் கூட்டம், புகைப்படம், ஆய்வு எல்லாம் முந்திக்கொள்ளும், உதவிதான் பிந்தும். உத்திரமேரூரிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டி, வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் சக பாவிகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டவர்கள் பட்டவர்களிடம்தானே சொல்ல முடியும்?

வம்சம்

மாகறல் பக்கத்துக் காலனியில் எஸ்தரின் மகள் ஜெனி. ஒன்றரை வயதாகியும் உட்காரவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் தலைநிமிர்த்திச் செங்கீரை ஆடு, உட்கார்ந்து சப்பாணி கொட்டு, நடந்து வா என்று பிள்ளையை வரிசையாகக் கூப்பிட்டார்கள். முதல் பாட்டிலேயே நின்றுவிட்ட பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு புலவரும் எழுதிவைக்கவில்லை.

சிறு வயதிலேயே உட்கார, நிற்கப் பழக்காவிட்டால் கால்கள் இறுகிவிடும் என்றேன். அப்பா டேவிட் கவலைப்படவில்லை. அவரே மூன்று வயதில்தான் நடந்தாராம், வம்சமே அப்படியாம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த எஸ்தர் நிமிராமல் சொன்னாள்:

"இவுரு பேச்ச கேக்காத சார். மூணு வயசுல நடந்த ஆளு, இன்னிக்கும் கடைக்கு அனுப்ச்சா பொழுது சாஞ்சிதான் வர்றாரு."

பத்திரம்

ஜெனிக்கு மூலை நாற்காலி வேண்டும். சுவரின் மூலைபோல முதுகுப்பக்கம் மடிந்திருக்கும். பிள்ளை எந்தப் பக்கமும் சாயாது. தை மாதம் அளவெடுத்தோம், ஐப்பசியில் வந்தது. மேடை போட்டு, படம் பிடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது ஜெனி பாயில் படுத்திருந்தாள். நாற்காலி பரண்மேல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். நான் முகம் சுளித்ததும் டேவிட் அவசரமாக இறக்கித் துடைத்தார். அதற்கடுத்த முறை என் வண்டிச் சத்தம் கேட்டே இறக்கிவிட்டார்கள். ஆனால் உறை உறையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். எஸ்தருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது.

"ஆபீசரம்மா மேடையில இன்னா சொன்னாங்க? சர்க்கார் பொருளு, பத்திரமா வெச்சிக்கோ, வந்து பாப்போம்னாங்க. கொயந்தய குந்த வெக்கச் சொல்லலியே சார்."

நடவு

உறையை நானே கிழித்தேன். காலை, மதியம், மாலை உட்கார வை, கால்களை மடக்கி நீட்டு என்று வரிசைப்படுத்திச் சொன்னேன். அப்போது பார்த்து நடவு தொடங்கியது. எஸ்தர் விடியுமுன் கழனிக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைக்குச் சோறூட்டுவாள். பயிற்சிக்கு அவளுக்கும் நேரமில்லை.

தாயின் அக்கறையே பாதி வைத்தியம் என்று ஒருநாள் பிரசங்கம் செய்தேன். சேற்றுக் காலோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

"செய்யறேன் சார். நாள் பூரா குனிஞ்சி நாத்து நட்டுக்கினு கீறேன், நிமிந்தா மேஸ்திரி கத்துறாரு. மொதல்ல என் இடுப்ப மடக்கி நீட்ட ஒரு ஆள அனுப்பு."

ஆய்வு

ஆனாலும் செய்தாள். இருட்டிய பிறகு, உலை கொதிக்கும் நேரத்தில், நாற்காலியில் வைத்துப் பழக்கினாள். அறுவடைக்குள் ஜெனி சாயாமல் உட்கார்ந்து கரண்டியால் நாற்காலியின் பலகையைத் தட்டினாள். இனி நிற்க வைக்க வேண்டும். அதற்குத்தான் கைப்பழக்கமுள்ள ஆள் வாரந்தோறும் வேண்டும்.

அந்த வாரம் ஆபீசரம்மா சொன்னபடியே பார்க்க வந்தார். உட்கார்ந்திருந்த ஜெனியின் கன்னத்தைக் கிள்ளி மகிழ்ந்தார். நன்றாகத் தேறிவிட்டாள், இனி இவள் வீட்டுக்குப் போக வேண்டாம், படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள் என்று எனக்கு உத்தரவு. நிற்கப் பழக்க வேண்டுமென்றால் தாயே எங்கள் மையத்துக்குத் தூக்கி வரட்டுமாம். மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை.

கடைசி நாள் நான் விஷயத்தைச் சொன்னதும் எஸ்தர் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்:

"அந்தம்மா வந்த அன்னிக்கு இவள பாயில படுக்கப் போட்டிருந்தா, நீ வந்துக்கினே இருந்திருப்ப இல்ல சார்?"

எங்கள் துறையில் பிள்ளை தேறுவதற்கு ஒரே ஒரு தண்டனைதான் உண்டு, அதைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறோம்.