யோனா எழுந்து நின்ற மதியம்

என் குதிரை யோனா செத்துப்போவான் என்றுதான் நினைத்தேன். அவன் பிழைத்த கதையைச் சாட்சியாகச் சொல்லும்படி சபையில் கேட்டார்கள். சொல்கிறேன், பிடிக்காத பகுதியையும் சேர்த்து.

யோனா ஈப்போவில் பந்தயம் ஓடி ஓய்ந்தவன். நான் ஆஸ்பத்திரித் தாதியாக ஓடி ஓய்ந்தவள், எல்லாருக்கும் மிஸ்ஸி. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பழைய தோட்டத்து ஓரத்தில் இருவரும் குடியேறினோம்.

வயதானதும் அவனுக்குப் பல் தேய்ந்தது. மெல்லாமல் விழுங்கியது குடலில் அடைத்துக்கொள்ளும். முன்னங்காலால் மண்ணைத் தோண்டுவான், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், படுத்துவிடுவான். ஒரு வலி தீர்ந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வலி வரும்.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தேன். மிருக டாக்டரைக் கொண்டு பல்லை அரத்தால் ராவச் செய்தேன். ஸ்டெதாஸ்கோப்பில் குடல் சத்தம் கேட்டேன், ஈறின் நிறம் பார்த்தேன். வலி வந்தால் டாக்டரைக் கூப்பிடு, தீனியை நிறுத்து, நடத்து, உருளவிடாதே. ஒன்றையும் நான் விட்டதில்லை.

ஆனால் பெயர் எஸ்தர் அக்காவுக்கு.

அவர் எங்கள் வீட்டு ஜெபக் குழுவின் தலைவி. டாக்டர் ஊசி போட்டுப் போவார். மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்துக்குச் சரியாக அக்கா வந்து, கழுத்தில் கை வைத்துச் சத்தமாக ஜெபிப்பார். யோனா எழுந்து உடம்பை உதறுவான்.

"ஆமென் சொல்லி முடிக்கல, எந்திருச்சிட்டான்லா!" என்று குழுவே கைதட்டும். "மிஸ்ஸி, நீங்களும் கொஞ்சம் ஜெபம் பண்ணிப் பாருங்களேன்," என்று ஒரு தங்கச்சி எனக்கு ஆலோசனை வேறு சொன்னாள். அப்போது என் கையில் சாணி வாளி இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் அக்காவின் பின்னால்தான் உட்காருவேன். என்ன பாட்டு பாடினோம் என்பது நினைவில் நிற்காது. அவர் கொண்டை நிற்கும்.

ஜெபம் முடிந்தால் யாரையும் வெறும் வாயோடு அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. அந்த உபசாரத்தைக் குதிரைக்கும் செய்தார்கள். அக்கா பன்னைப் பிய்த்து ஊட்டுவார். தடுத்தேன். மிஸ்ஸிக்குப் பொறாமை என்றார்கள். பன் ஆகாது என்பதும் உண்மை, பொறாமை என்பதும் உண்மை.

சென்ற நவம்பரில், என் வீட்டில் நடந்த நன்றி ஜெபத்துக்கு மறுநாள் மதியம், யோனா படுத்தான். யாரோ தொழுவ வாசலில் மறந்துவிட்டுப்போன பன் பை காலியாகக் கிடந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கமுந்திங்கில் இருந்தார்.

"வாரேன் மிஸ்ஸி, ஆனா நல்ல மழ, ரோடு ஜேமு. எப்படியாச்சும் எழுப்பி நடக்க வைங்க. உருண்டு கொடலு முறுக்கிக்கிட்டா, இந்த வயசுல ஆபரேஷன் தாங்க மாட்டான்."

பிறகு மிஞ்சுவது ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசிதான் என்று எனக்குத் தெரியும்.

கயிற்றை இழுத்தேன், தள்ளினேன், திட்டினேன். எழவில்லை. விலாவில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தெரிந்த முறைகள் தீர்ந்துபோயின. சேற்றில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவன் பொழைக்கணும். பேரு யாருக்குப் போனாலும் சரி."

அப்படிச் சொன்ன பிறகு அக்காவைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவர் ஹுத்தான் மெலிந்தாங்கில் மகள் வீட்டில் இருந்தார்.

"என்னா மிஸ்ஸி, அதிசயமா இருக்கு!"

"யோனா எந்திரிக்க மாட்டேங்கறான்க்கா. ஒங்க கொரலுன்னா அவனுக்கு உசுரு. பேசுங்க."

அவன் காதில் போனை வைத்தேன். அக்கா ஜெபிக்கவில்லை, அழுதார். "டேய் ராஜா, எந்திரிடா. அக்கா வாரேன்டா, எந்திரிடா."

காது திரும்பியது. தலை தூக்கினான். நான் கயிற்றை இழுக்க, முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றான். மழையில் செம்பனைகளைச் சுற்றிச் சுற்றி நடத்தினேன். சட்டைப்பையில் இருந்த போனில் அக்கா பாடிக்கொண்டே வந்தார். டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் கொடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் யோனா சாணம் போட்டான். அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதேன்.

ஞாயிறன்று சபையில் ஒரே பேச்சு: "எஸ்தர் அக்கா போன்லயே குதிரய எழுப்பிட்டாங்கலா!"

நான் அன்று கேட்டது இரண்டு. ஆண்டவர் இரண்டையும் குறைவில்லாமல் தந்துவிட்டார்.

இப்போது தொழுவத்துக்குள் ஒரு பன்னும் நுழையாது. வாசலில் காவல் நிற்பவர் அக்காதான். காலையில் இருவரும் சேர்ந்து யோனாவை நடத்துகிறோம். வலி வருவது அபூர்வம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதற்கும் சேர்த்தே ஜெபிக்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் முறைகள் தீரும்வரை காத்திராமல் கேளுங்கள். பேரையும் புகழையும் விட்டுக்கொடுத்துக் கேளுங்கள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். அப்போதும் நன்றி சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டாவது.