மேடைக்குக் கூட வரும் ஆள்

எங்கள் சங்கத்தில் எனக்குப் பதவி கிடைத்ததற்கு என் திறமைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதுதான் காரணம்.

ஒரே பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியவர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. சனிக்கிழமைதோறும் புலாவ் செபாங்கில் ஒரு கடையின் மாடியில், சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறோம். கூட்டத்தில் எந்த வேலை வந்தாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். ஒருவருக்கு மாமியார் வீட்டு விசேஷம் இருக்கும், இன்னொருவரின் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும். "நீயே பாத்துக்க லா. உனக்கென்ன, குடும்பமா குட்டியா?" இப்படித்தான் கணக்கு டீச்சர் ஆனேன், வேன் டிரைவர் ஆனேன், செயலாளர் ஆனேன். கடைசியில் யாரும் உட்கார மாட்டேன் என்ற தலைவர் நாற்காலியிலும் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

எனக்குக் குடும்பம் இருந்தது. குட்டிதான் இல்லை.

என்னோடு வாழ்கிறவள் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரி. அலோர் காஜாவில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே கட்டிலில் தூங்குகிறோம், ஏர்கோனை எத்தனை டிகிரியில் வைப்பது என்று தினமும் சண்டை போடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு அவள் அம்மா வீட்டில் நான் பாத்திரம் கழுவுகிறேன். தீபாவளிக்கு என் வீட்டில் அவள் முறுக்கு பிழிகிறாள். இதைவிட ஒரு குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் தெரிந்துகொள்கிறேன். பெண்ணை விரும்புகிற பெண் நான். எனக்கு இது பதினாறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் நான் நேசிக்கிற ஆளைப் பற்றி மைக்கில் பேசிவிட்டு, மறுநாள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் போய் நின்று, "உங்க பிள்ளைய வகுப்புக்கு அனுப்புங்க" என்று கேட்க முடியுமா? அனுப்புவார்களா? வகுப்பு நின்றுவிட்டால்? அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் பல்கலைக்கழகம் போனதில்லை, அதனால் சங்கத்தில் உறுப்பினரும் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து செய்ததைவிட அவள் ஒருத்தி செய்தது அதிகம். நாற்காலி அடுக்குவாள், தண்ணீர்ப் பெட்டி தூக்குவாள், காலைப் பசியாறலுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் கட்டி எடுத்து வருவாள். மாடிப்படியில் யாராவது ஓடினால் ஆலையில் கத்துவதுபோல் கத்துவாள். பெரியவர்கள் அவளை "மிஸ்ஸோட பிரெண்ட்" என்பார்கள். பிள்ளைகள் அதையே பெயராக்கி "பிரெண்ட் அக்கா" என்று கூப்பிட்டார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடாந்திர விழாவில் பரிசு வாங்கும் பிள்ளை அப்பா அம்மாவோடு மேடைக்கு வரவேண்டும். ஒருமுறை நன்றாகப் படிக்கிற ஒரு பெண் தனக்குப் பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளை வளர்த்தது அவள் அம்மாவின் சினேகிதி, சொந்தம்கூட இல்லை. "அவங்கள என்னான்னு சொல்லிக் கூப்பிடுவீங்க மிஸ்?" என்று கேட்டாள். மற்றவர்களுக்கு அது ஒரு சின்னச் சிக்கலாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படியில்லை. வருடக்கணக்காக அதே கேள்வியை வைத்துக்கொண்டு நானும் முழித்துக்கொண்டிருந்தவள்தானே!

அப்போது செயலாளராக இருந்த நான் அன்றே கூட்டத்தில் சொன்னேன்: இனிமேல் அப்பா அம்மா என்று கூப்பிட வேண்டாம். உன்னை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களைக் கூட்டி வா, அவ்வளவுதான்.

பொருளாளர் அக்கா தாம்தூம் என்று குதித்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. வருடம் தவறாமல் எனக்கு மாப்பிள்ளை போட்டோ அனுப்புகிறவரும் அவர்தான். "முடி கம்மிதான், ஆனா தங்கமான மனுசன்" என்று கீழே எழுதியிருப்பார். "ஐயோ, இப்படியெல்லாம் சட்டம் போட்டா நாளைக்கு நாய்க்குட்டியத் தூக்கிட்டு மேடைக்கு வருவானுங்க!" என்றார். நான் விடவில்லை. அந்த வருடம் அந்தப் பெண் தன்னை வளர்த்த அம்மாவோடு வந்தாள். ஒரு பையன், தினமும் சோறு போட்ட பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியோடு வந்தான். ஆண்ட்டி பரிசைவிடத் தனக்குப் போட்ட மாலையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாய்க்குட்டி எதுவும் வரவில்லை. பொருளாளர் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கை தட்டினார்.

அடுத்த விழாவில் நான் தலைவராகப் பதவியேற்க வேண்டும். அதற்கும் ஒரு வழக்கம்: புதுத் தலைவரும் அவர் துணைவியும் சேர்ந்து மேடை ஏறி மாலை வாங்குவார்கள். நான் தனியாக ஏறுவதாக நிகழ்ச்சி நிரலை நானே எழுதி முடித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் ஏர்கோனை அணைத்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் போர்.

"இந்தத் தடவ நான் நாற்காலி தூக்க வரல. விருந்தாளியா சேல கட்டிக்கிட்டு வந்து உக்காருவேன். இல்லன்னா வரவே மாட்டேன்."

"சரி, உக்காரு."

"உன் பிரெண்டா உக்கார மாட்டேன்."

நான் நிகழ்ச்சி நிரலை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏர்கோன் ஓடவில்லை, பேச்சும் ஓடவில்லை.

விழா அலோர் காஜாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அறிவிப்பாளர் பொருளாளர் அக்கா. அவள் வருவாளா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நீலப் பட்டுச் சேலையில் வந்தாள். வந்தவள் பின்வரிசையில் உட்கார்ந்தாள், மடியில் கை வைத்துக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது, நாற்காலி பத்தவில்லை. அவ்வளவுதான், அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் தனியாக மேடை ஏறினேன். அக்கா மாலையை எடுத்தார். எடுத்தவர் போடாமல் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம சங்கத்துல ஒரு சட்டம் இருக்கு. பாத்துக்கிற ஆளக் கூட்டிட்டுதான் மேடைக்கு வரணும். அந்தச் சட்டம் போட்டதே இந்தத் தலைவிதான். பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம், தலைவிக்கு ஒரு சட்டமா? கூப்பிடு தங்காச்சி, யாரு உன்னப் பாத்துக்கிறது?"

மைக் என் முகத்துக்கு நேரே வந்தது. அவர் தெரிந்து கேட்டாரா, வம்புக்குக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்வரிசையில் தோட்டத்து அப்பாக்கள், அம்மாக்கள். பரிசு வாங்கப் போகிற பிள்ளைகள் யார் யாரையோ கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களிடம் "யாரும் இல்லை" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இருக்காங்க," என்றேன். "என் வீட்ல என்னைப் பாத்துக்கிற ஆளு. பின்னாடி பட்டுச் சேலையோட நாற்காலி தூக்கிட்டு நிக்கிறாங்க."

மண்டபம் சிரித்தது. "பிரெண்ட் அக்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். சிரித்தவர்களில் சிலர் பாதியில் நிறுத்திவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பழைய தலைவர் கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொண்டார். புரிந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று நின்றேன். அவள் நாற்காலியை விரித்து ஒரு தாத்தாவை உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தாள். மேடைப்படி ஏறும்போது கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என் காதில் சொன்னது, "படி ஆடுது, யாரும் சொல்லலையா?" என்பதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறு சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் பிறகும் வகுப்புக்கு வரவில்லை. அது இன்னும் வலிக்கிறது. மற்ற எல்லாரும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்கள். "பிரெண்ட் அக்கா வரலையா, நாசி லெமாக் இல்லையா?" என்பதுதான் அவர்கள் கவலை.

அடுத்த கூட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வகுப்புக்கு வேன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. துணைத்தலைவர் ஆரம்பித்தார்: "நீயே பாத்துக்க லா. உனக்கென்ன, குடும்பமா..."

பொருளாளர் அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"அவளுக்கும் வீட்ல ஆளு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை அவ வீட்ல இருக்கட்டும். நீ ஓட்டு."