பீரோவில் பூட்டிய தபால்

என் பெயரைப் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் ஒருவர் குடியிருந்தார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், இரும்புத் தகடுகளை மெஷினில் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. துபாய் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார். சீக்கிரமே போகப்போகிறவர் என்று தெரிந்தும் அவர்மேல் ஆசை வைத்துவிட்டேன்.

பின்போர்ஷன் தபாலையும் தபால்காரர் எங்களிடமே கொடுப்பார். ஒருநாள் பம்பாயிலிருந்து அவருக்கு நீளக் கவர் வந்தது. பிரித்தேன். துபாய் வேலைக்கு அடுத்த வாரம் அங்கே நேர்முகத் தேர்வு. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம், “இன்னாங்க, லெட்டர் எதுனா வந்துச்சா?” என்பார்.

“இன்னும் வரலீங்க.”

பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஆறே மாதத்தில் அவர் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டி நான்கு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, “அந்த லெட்டர் மட்டும் வந்திருந்தா இந்நேரம் துபாய்ல இருந்திருப்பேன், இல்ல?” என்றார். நான் தலையாட்டினேன்.

இப்போது யாருக்குத் தபால் வந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் எனக்கு மறுவேலை. அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர் சட்டைக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன்.