மூக்கில் ஒரு சொட்டுத் தைலம்

மற்றவர்களைச் சந்தேகிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஜொகூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தூசி புகாத கிளீன் ரூம் வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் கையையும் பார்ப்பேன். பவுடர் போட்டிருக்கிறாயா, சென்ட் அடித்திருக்கிறாயா, தலையில் எண்ணெய் வைத்திருக்கிறாயா என்று கேட்பேன். ஒரு துளி எண்ணெய் பட்டால் ஒரு தட்டு மின்னணுச் சில்லுகளும் குப்பைதான் என்று பல வருடங்களாகப் பிரசங்கம் செய்துவருகிறேன். அந்த மேதையாகிய நான்தான், ஆராய்ச்சிக்காக மகளின் மூக்கிலிருந்து செல்களை எடுக்கவிருந்த நாளில், காரிலிருந்த தைலத்தை எடுத்து அவள் மூக்குக்குள் தடவினேன்.

அவளுக்கு ஒன்பது வயது. எல்லோருடைய மூக்கின், மூச்சுக்குழாயின் உட்சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உண்டு. அவை ஓயாமல் துடுப்புப் போட்டுச் சளியை வெளியே தள்ளும். அவளுடையவை மட்டும் பிறந்ததிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்கும்வரை, பார்த்தவர்கள் எல்லோரும், "சளிதான், வளந்தா சரியாயிடும்" என்றார்கள். அவள் வளர்ந்தாள். சளியும் கூடவே வளர்ந்தது.

போன வருடம் ஒரு பிற்பகல், ஸ்கூடாயில் ஒரு போக்குவரத்து விளக்கில் நெரிசலில் நின்றிருந்தோம். பின் இருக்கையில் இருமல் சட்டென்று நின்றது. அப்பாடா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மற்றதை எழுத வரவில்லை. பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். நான்தான் இன்னும் அந்த விளக்கில் சிவப்பு விழும்போதெல்லாம் கண்ணாடியில் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் இந்த நோயை ஆராயும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்ததும் எதையும் யோசிக்கவில்லை. மூக்கின் உட்புறத்தைச் சிறு பிரஷ்ஷால் உரசி, ஒட்டிவரும் செல்களைத் தட்டில் வளர்ப்பார்களாம். கீழே சத்துநீர், மேலே காற்று. சில வாரத்தில் அந்தத் தட்டிலேயே இழைகள் முளைக்குமாம். பிறகு புது மருந்துகளைக் குழந்தைமேல் இல்லாமல் தட்டின்மேல் சோதிப்பார்களாம். ஒப்புதல் படிவத்தில், "இதனால் உங்கள் குழந்தைக்கு நேரடிப் பலன் இல்லாமல் போகலாம்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. அது மற்றக் குழந்தைகளுக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பக்கத்தில், "இரண்டு வாரத்துக்கு மூக்கில் எதுவும் போடக் கூடாது" என்றிருந்தது. அது மருந்தைப் பற்றி. தைலம் மருந்தா என்ன?

எங்கள் குடும்பத்தில் டாக்டரிடம் போவதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நல்ல சட்டை உடுத்தி, நோயே இல்லாததுபோல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் நம்மை என்ன நினைப்பார்? அன்று வாசலில் காரை நிறுத்தியபோது அவள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் மூக்கோடு அறிவியலின் முன்னால் நிற்கலாமா?

"அப்பா, எரியுது."

"எரிஞ்சாத்தான் திறக்கும். சும்மா இரு."

உள்ளே எங்களைச் சந்தித்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நான் டாக்டர் என்று அழைத்தேன். "ஐயோ, நான் டாக்டர் இல்ல அங்கிள், இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். என் மகளின் மூச்சு ஒரு மாணவியின் வீட்டுப்பாடம் என்பதும், நான் அங்கிள் என்பதும் ஒரே வாக்கியத்தில் தெரிந்தன. "மூக்குல ஒண்ணும் போடலல்ல அங்கிள்?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள். "சே, சே" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பிரஷ் உள்ளே போனதும் அலறினாள். வீடு வரைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் போனில் அழைத்தாள். செல்கள் தட்டில் ஒட்டவே இல்லையாம், எல்லாம் செத்துவிட்டனவாம்.

"எங்க தப்புன்னு தெரியல அங்கிள். சத்துநீரை எல்லாம் கொட்டிட்டேன், மேசையை மூணு தடவ கழுவினேன். ஒருவேள பாப்பாவோட செல்லே வளராத வகையோ என்னமோ. அப்படின்னா இந்த ஆராய்ச்சில பாப்பாவ சேத்துக்க முடியாது."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தைலம் போட்டத சொன்னீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்கு வந்தப்ப பிள்ள மேல தைல வாடதான் அடிச்சது. நீங்க கேக்காததால நானும் சொல்லல. இப்ப என்ன, அந்தப் பொண்ணு உங்க மானத்தக் காப்பாத்த மேசையக் கழுவிக்கிட்டே இருக்கணுமா?"

மறுநாள் மதிய இடைவேளையில், தொழிற்சாலைச் சீருடையோடு, கழிவறைக்கு வெளியே நின்று அழைத்தேன். உண்மையைச் சொன்னேன்.

"அங்கிள், நீங்க என்ன வேல செய்றீங்க?"

அதையும் சொன்னேன்.

"ஐயோ, அலமாக்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதுதான். பிறகு, "இன்னொரு தடவ எடுக்கலாம். ஆனா பாப்பா ஒத்துக்கணும்" என்றாள்.

பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பொம்மைக்கு மசியவில்லை, ஐஸ்கிரீமுக்கும் மசியவில்லை. மூன்றாம் நாள் அவளே நிபந்தனை போட்டாள்: "மொத அப்பாவுக்கு."

ஆரோக்கியமான செல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவளுக்குப் புரியும் என்று அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். பிரஷ் என் மூக்குக்குள் போனதும் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. வழிந்த கண்ணோடு நான் அவள் உதட்டைப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. அடுத்து அவள் போய் உட்கார்ந்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அலறவில்லை.

இந்த முறை செல்கள் ஒட்டின. ஆறு வாரம் கழித்து எங்களைத் திரையின் முன்னால் உட்காரவைத்தார்கள். என்னுடைய இழைகள் காற்றில் லாலாங் புல் சாய்வதுபோல் ஒன்றாகச் சாய்ந்து எழுந்தன. ஒரு நன்மையும் செய்யாத மூக்குக்கு இவ்வளவு ஒழுங்கா என்று எரிச்சல் வந்தது. அவளுடையவை ஆளுக்கொரு பக்கம் லேசாகத் துடித்துவிட்டு நின்றன.

"இதுதான் நானா?"

"உன் மூக்கில கொஞ்சம்" என்றாள் அந்தப் பெண். முதல் மருந்தை ஏற்கெனவே விட்டுப் பார்த்திருந்தார்களாம். "வேல செய்யல. அதுவும் ஒரு ரிசல்ட்தான் அங்கிள்." எங்கள் தொழிற்சாலையில் இப்படிச் சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர்களோ அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டாவது மருந்துக்குப் புதிதாகச் செல் வேண்டும் என்று அடுத்த தேதி கேட்கிறார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

அந்தத் தேதி நேற்று. ஆராய்ச்சிக்கூட வாசலில் என் மகள் காரிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். காரின் முன்பக்கச் சிறு அறையைத் திறந்து துழாவினாள். என் சட்டைப்பையையும் பார்த்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பி முகர்ந்து பார்த்தாள். தினமும் நான் செய்வதைவிடக் கவனமாகவே செய்தாள்.

"சரி, உள்ள போலாம்" என்றாள்.