கொடி எதிர்ப்பக்கம் பறந்த காசு

வங்கியில் நகைக்கடன் பிரிவுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் உரசல்காரர் என்றுதான் சொல்வார்கள். மேலாளர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். இவர் மட்டும் அதே நாற்காலியில், அதே கறுப்புக் கல்லோடு இருப்பார். நகையைக் கொடுத்தால் கல்லில் தேய்த்து ஒரு கோடு இழுப்பார், அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார். கோடு நின்றால் தங்கம். கரைந்தால், வெளியே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் நகையைத் திருப்பித் தள்ளிவிடுவார்.

முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் கல்நெஞ்சு இல்லை. ஆரம்பத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்தாள் ஒரு பெண். அது பித்தளை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "நல்லா பாருங்க சார், எங்கம்மா கொடுத்தது" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்பி ஏமாறுவதைவிட முதலிலேயே சந்தேகப்பட்டுவிடுவது மேல் என்று அப்போதுதான் மனசுக்குள் முடிவு கட்டினார்.

பாவம், அந்த முடிவு அலுவலக நேரத்தோடு நிற்கவில்லை. தர்பூசணியைத் தட்டுவார், முகருவார், கடைக்காரர் கடுப்பாகும்வரை மறுபடி தட்டுவார். துணிக்கடையில் நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பார். "நல்லவேளை, இவருக்கு வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்பாள் மனைவி.

ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்பட்ட ஆள் ஒருவர் உண்டு. தங்கையின் புருஷன், பிரிட்ஜ் மெக்கானிக். கைவேலையில் புலி. பணம் போடுகிற விஷயத்தில் மட்டும் தொட்டதெல்லாம் விளங்காமல் போகும். காடை வளர்த்தார், கூண்டோடு செத்தன. ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பழைய ஏசி வாங்கி விற்றார், கூட்டாளி கம்பி நீட்டிவிட்டார். ஒவ்வொரு தடவையும் உரசல்காரர் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

இந்தத் தடவை மாப்பிள்ளை வேலைக்குப் போய்வருகிற வேனையே விற்றுவிட்டு ஆன்லைனில் ஒரு தங்கக் காசு வாங்கினார். யாரோ ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் மங்கலாகப் போட்டோ பிடித்து, 'பழைய காசு' என்று விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். காசில் ஒரு பாய்மரக் கப்பல். பழைய காசுகளைப் பற்றிப் படிப்பது மாப்பிள்ளைக்கு வருஷக்கணக்கான பைத்தியம். அந்தக் கப்பல் காசில் ஒரு தடவை அச்சு வெட்டியவர் தப்புப் பண்ணிவிட்டார் என்று அவர் படித்திருந்தார். பாய் ஒரு பக்கம் புடைத்திருக்கும், கொடி எதிர்ப்பக்கம் பறக்கும். தப்பு தெரிந்ததும் உருக்கிவிட்டார்கள், நழுவியவை கொஞ்சம்தான், அதனாலேயே சேகரிப்பவர்களிடம் அவற்றுக்கு எக்கச்சக்க விலை. போட்டோவில் அந்தக் கொடி அவர் கண்ணில் பட்டுவிட்டது.

அசல் என்றால் அதை விற்றுச் சொந்தப் பட்டறை போடலாம். போலி என்றால் வேனும் போச்சு, பட்டறையும் போச்சு. ஏற்கெனவே மனிதர் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை, துணியெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாள் ஒரு பழங்காசு வியாபாரியிடம் காட்டுவதாக இருந்தது, அதுவரை அவளுக்குப் பொறுமை இல்லை. புருஷன் வேலைக்குப் போனதும் அண்ணனை வீட்டுக்கு வரச் சொன்னாள். வங்கிக்கு விடுமுறை நாள்தான், கல்லும் அமிலமுமாக அவர் வந்தார்.

"போட்டோவைப் பார்த்துத் தங்கம் வாங்கின ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றபடி, காசு வந்திருந்த சின்னப் பெட்டியைத் திறந்து, எடுத்துக் கல்லில் தேய்த்தார். அமிலம் விட்டார். கோடு நின்றது.

வேறு யாருடைய காசாக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார். இது மாப்பிள்ளை வாங்கியது. மேலே தங்கமும் உள்ளே வேறொன்றுமாக இருந்தால்? பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டார். உள்ளேயும் தங்கம்தான்.

"தங்கம்தான்" என்றார், வேண்டாவெறுப்பாக. தங்கை அப்படியே உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் சிலிண்டரை இறக்கிவைத்து, கையைக் கழுவித் துடைத்து, காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உரசினீங்களா மச்சான்?"

"பின்னே? உரசாம எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளை விளிம்பை விரலால் ஒரு தடவை தடவினார். காசைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் உரசல்காரரும் கூடவே போனார். இன்னும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, தங்கம் அசலாக இருந்தால் காசும் அசலாகிவிடுமா என்ன. வியாபாரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, லென்ஸை வைத்துப் பாயைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார்.

"அசல். இத்தனை வருஷத்துல என் கடைக்குள்ள இதுதான் முதல்." விளிம்பைத் திருப்பினார். முகம் மாறியது. "அடக் கடவுளே. யாருங்க இதை அரத்தால வெட்டினது? தேஞ்ச காசைக்கூட வாங்க ஆள் இருக்கு. இப்படி வெட்டினதை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார். இனி இது எடைக்குத்தான்."

"வாங்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கடையில் கண்ணாடித் தடுப்பு இல்லை. உரசல்காரர் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பித்தளைச் சங்கிலிப் பெண்ணின் முகத்துக்குப் பிறகு அவர் இப்படி யாரையும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பொய் சொன்னது சங்கிலி, இங்கே பொய் சொன்னது உரசல்காரரைக் காப்பாற்ற நினைத்த இந்த மனிதர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்லைங்க. நான்தான் வெட்டினேன்" என்றார்.

இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள். "என்னாச்சு?" என்று புருஷனைக் கேட்டாள். அவர் எப்போதும்போலத் தலையைக் குனிந்தார். உரசல்காரர் முன்னால் வந்தார்.

"காசு அசல்மா. உன் புருஷன் போட்டோவுல பார்த்தே கண்டுபிடிச்சிருக்கார். அவர் கணக்கு கொஞ்சம்கூடத் தப்பலை. கையில வெச்சுக்கிட்டுத் தப்பு பண்ணினது நான். அதனால பட்டறை போச்சு. அதுக்கு அவரை ஒரு வார்த்தை சொல்லாதே. பட்டறைக்கு என்ன வழின்னு நான் பார்க்கிறேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மூட்டை கட்டிய துணிகள் உள்ளே கட்டிலில் இருந்தன. உள்ளே போய் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

காடை செத்தபோதும் கூட்டாளி ஓடியபோதும், கடையில் வியாபாரி கையை விரித்தபோதும்கூடக் கலங்காத மாப்பிள்ளைக்கு இப்போது கண் நிறைந்துவிட்டது.

"பட்டறை கிடக்கட்டும் மச்சான்" என்றார். "முதல்ல ஒண்ணு சொன்னீங்களே, கணக்கு தப்பலைன்னு. அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

உரசல்காரர் அவர் முகத்தைப் பார்த்தே மறுபடியும் சொன்னார்.