வெளியார் பதிவேடு

எங்கள் மாடிக்கட்டடத்துக்குக் குடிவருகிற தமிழர் எவராக இருந்தாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் தியாகராசாவின் கையில் அகப்பட்டுவிடுவார்கள். லிப்ட் வாசலில் நின்றபடி அவர் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஊர்?" ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, ஆருடைய ஆக்கள் என்று தோண்டிக்கொண்டே போவார். தோண்டி முடித்ததும், வந்தவருக்குச் சிரிப்பா, வெறும் தலையாட்டலா என்று முடிவாகிவிடும். கொழும்பில், தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் இது ஒன்றும் புதினமில்லை. ஆனால் இந்த மனிசன் அதை ஓர் உத்தியோகமாகவே செய்தார்.

யாழ்ப்பாணத்துக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். பென்சன் எடுத்து இங்கே வந்த பிறகு எங்கள் இருபது வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளர். நான், இரண்டாம் மாடி உஷாந்தி, உபசெயலாளர். உபசெயலாளரின் வேலை அவர் நீட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பது.

அவருக்குப் பிடிக்காதவர்களை எண்ணத் தொடங்கினால் விடிந்துவிடும். கட்டட வேலைக்கு வந்த இந்தியன் கூடாது, ரெஸ்ரோரண்ட் நடத்துகிற சீனன் கூடாது. எங்கள் காவலாளி மலையகத்துக்காரர். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் கோப்பை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஹியூபேட் தமிழர்தான், ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு சிங்களமும் கதைப்பதால் அவர் 'ஒரு மாதிரி'. சோனகரை, அதாவது முஸ்லிம்களைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். அது மரியாதையால் அல்ல.

இந்த மனிசன்தான் எனக்கு இனத்துவேசம் என்றால் என்னவென்று விளக்கியவர். மகன் சுகிர்தன் பரிஸில் இருக்கிறான். ரயிலில் ஒருத்தி அவனைப் பார்த்து, உன் நாட்டுக்குப் போ என்று கத்தினாளாம். தியாகராசா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: வந்தவன் என்ன செய்தான் என்று பாராமல், எங்கேயிருந்து வந்தான் என்று மட்டும் பார்க்கிறது, தனக்குள்ள பயத்தை எடுத்து அவன்மேல் குற்றமாகப் போடுகிறது, அப்படிச் செய்கிற நாடு உருப்படாது. அருமையான விளக்கம். கண்கூடக் கலங்கியது. சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, காவலாளி தவறுதலாகச் சங்கத்துக் கோப்பையில் குடித்துவிட்டார் என்று அந்தக் கோப்பையைக் குப்பையில் போட்டார்.

அவரே ஒருக்கால் துரத்தப்பட்டவர் என்பதுதான் இதில் பெரிய பகிடி. 2007ஆம் ஆண்டு மகனின் விசா அலுவலாக வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தபோது, விடியற்புறம் பொலிஸார் தட்டி எழுப்பி, கொழும்பில் இருக்கக் காரணம் காணாது என்று மற்றத் தமிழர்களோடு பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் கதையை நாங்கள் நாற்பது தடவை கேட்டிருக்கிறோம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு பஸ் ஏறியதும், மருந்துப் பெட்டியை மறந்ததும் எங்களுக்கு மனப்பாடம்.

போன வருடம் மூன்றாம் மாடிக்கு பர்ஹா வந்தாள். பக்கத்துக் கிளினிக்கில் தாதி. கணவன் ஸைத் துறைமுகத்தில் வேலை. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்; இரத்த அழுத்தம் ஏறுகிறது, அலைச்சல் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கிளினிக்குக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு தேடி மூன்று மாதம் அலைந்ததாக என்னிடம் சொன்னாள். போனில் பெயரைச் சொன்னதும், சைவக் குடும்பத்துக்கு மட்டும் என்று வைத்துவிடுகிறார்களாம். கனடாவிலிருக்கும் எங்கள் மூன்றாம் மாடிச் சொந்தக்காரர் மட்டும் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை.

தியாகராசாவும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. லிப்ட் வாசலில் எல்லோரையும் மறிக்கிற மனிசன் அவளுக்கு மட்டும் வழிவிட்டு நின்றார். சோனகருக்கு ஊர் எதற்கு என்று நினைத்திருப்பார். அவள் வாய்க்கு வாய் "ஓம் அக்கா" என்றபோதே எனக்காவது தட்டியிருக்க வேண்டும். கொழும்புச் சோனகர் அப்படிக் கதைப்பதில்லை.

ஒரு மாதத்துக்குள் முறைப்பாடுகள் முளைத்தன. லிப்டில் இறைச்சி மணக்கிறதாம். ஆட்கள் வந்து போகிறார்களாம். வந்து போனது அவளுடைய உம்மா ஒருத்திதான். தியாகராசா உடனே 'வெளியார் பதிவேடு' ஒன்று திறந்தார். அதற்குப் படிவம் வேண்டுமே. கிளாக்கர் கடதாசியை எறியமாட்டார். யுத்தகாலத்தில் கொழும்பில் தங்க வந்த தமிழர் பொலிஸுக்கு நிரப்பிக் கொடுத்த பதிவுப் படிவத்தின் பிரதி அவருடைய பைலில் பத்திரமாக இருந்தது. தலைப்பை மட்டும் ஒட்டி மறைத்து, போட்டோகொப்பி அடித்து, மூன்றாம் மாடிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டார். அந்தப் படிவத்தை ஒரு காலத்தில் நிரப்பிய கையால்தான் தள்ளினார். மனிசனுக்குக் கை கூசவில்லை.

பௌர்ணமிப் போயா லீவன்று மொட்டை மாடியில் கூட்டம். ஒரே விசயம்: மூன்றாம் மாடி ஒரு மாதத்தில் வீட்டை விட வேண்டும் என்று சொந்தக்காரருக்குக் கடிதம். சங்கம் சொல்கிறபடி செய்வதாக அவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். வீடு போனால் பர்ஹாவுக்கு வேலையும் போகும், வயிற்றோடு அலைச்சலும் மிஞ்சும். அது அங்கே கதிரை போட்டு உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

மொட்டை மாடிக்கு லிப்ட் இல்லை; பர்ஹா படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, நிரப்பிய படிவத்தைக் கொடுத்தாள். எதையும் கூட்டத்தில் உரத்து வாசிக்காவிட்டால் அவருக்குச் சரிவராது. வாசித்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம் புத்தளம். பிறகு சொந்த இடம்.

"சோனகதெரு, யாழ்ப்பாணம்."

அடுத்த கட்டம், சொந்த இடத்தை விட்டு வந்த திகதியும் காரணமும். அதையும் வாசித்தார். பழக்கதோசம். 1990 ஒக்டோபர் முப்பது. ஊர்ச் சோனகர் எல்லோரோடும் சேர்த்து உம்மாவையும் வாப்பாவையும் தமிழ் இயக்கம் போகச் சொன்னது.

தியாகராசா பிறந்தது வண்ணார்பண்ணையில். சோனகதெரு அங்கேயிருந்து நடக்கிற தூரம். ஊரை வைத்தே ஆட்களை நிறுக்கிற மனிசன், தன் பக்கத்துத் தெருவை வெளியார் பட்டியலில் எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவி பாலேஸ்வரி முன்வரிசையிலிருந்து மெல்லச் சொன்னா: "உங்கட கலியாணக் கோட்டு அந்தத் தெருவிலதானே தைச்சது."

"அது வேற கதை," என்றார் அவர்.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்து, பிறந்த இடம் புத்தளம் என்றால் சொந்த இடம் யாழ்ப்பாணம் என்று எப்படிப் போடலாம், படிவம் பிழை என்றார். வெட்கம் கெட்ட கேள்வி.

பர்ஹா கோபப்படவில்லை. லொட்ஜ் கதை அவள் காதுக்கும் வந்திருந்தது. "அங்கிள், அந்த லொட்ஜில உங்களுக்கு எவ்வளவு நேரம் தந்தவை?"

அவர் பெருமையோடு பதில் சொன்னார். "அரை மணித்தியாலம்கூட இல்லை."

"எங்கட உம்மா ஆக்களுக்கு ரெண்டு மணித்தியாலம். நீங்கள் ஒரு மாதம் தாறீங்கள். பெரிய மனசு."

அவள் படியிறங்கிய பிறகு கை தூக்கச் சொன்னார்கள். பதினொரு பேரில் ஒன்பது கை. ஹியூபேட்டும் தூக்கினார், அடுத்தது தன் முறை என்று தெரிந்த பயம். நான் தூக்கவில்லை என்று எழுத ஆசைதான். என் மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால் தியாகராசாவிடம்தான் போவார்கள், எங்கள் ஊர், எங்கள் ஆக்கள் என்று அவருடைய வாயால் நல்லதாக நாலு வார்த்தை வர வேண்டும். அதற்காகக் கை தூக்கினேன். தூ, அதுவும் ஒரு காரணம்.

மாதக் கடைசியில் சிறிய லொறி ஒன்று வந்தது. ஹெந்தளையில் ஸைத்தின் மச்சான் வீட்டில் ஓர் அறை. கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் வேலையை விட்டுவிட்டாள். புதுத் தொட்டில் ஒன்றைப் பெட்டி பிரிக்காமலே காவலாளி இறக்கிக் கொடுத்தார். பர்ஹா என்னைப் பார்த்து, "போட்டு வாறன் அக்கா" என்றாள். என்ன பிள்ளை பிறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த முகத்தோடு கேட்பது?

லொறி திரும்பியதும் தியாகராசா பதிவேட்டைக் கொண்டுவந்தார். வெளியேறிய திகதி எழுதினார். லொறி இலக்கம் எழுதினார். கடைசிக் கட்டம், வெளியேறிய காரணம். பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன எண்டு போடுறது, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். வெறுமையாகவே விட்டு, சாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

வைத்தேன்.