நூம்பல் மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்

எந்தப் பழைய கட்டடத்தைக் காப்பது, எதை இடித்து ரோட்டு ஜல்லியாக்குவது என்று முடிவு செய்கிற துரை இன்று நூம்பலுக்கு வந்தார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை.

துரை வருகிறாரே என்று, ஊரார் தங்கள் கல் மண்டபத்துக்குக் கல்வெட்டு உட்படச் சுண்ணாம்பு அடித்து, மாலையோடு நின்றார்கள்.

"புதுக் கட்டடம், இடிக்கலாம்" என்றார் துரை. சொன்னேன்.

"தொர, எங்க பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து கீது!" என்று நாட்டாமை நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினார். அதற்குள் துரை வண்டியேறிவிட்டார்.

பூந்தமல்லியில் யாரோ ஒரு கர்னலுடைய குதிரையின் சமாதி, பாசி பிடித்துக் கிடந்தது. துரை தொப்பியைக் கழற்றினார். அதற்கு வேலி போடுகிறார்கள்.

மண்டபத்தை உடைக்க நூம்பல் ஆட்களையே கூலிக்குப் பேசியாயிற்று.

அடுத்து உங்கள் ஊரா? கோயிலைக் கழுவிவிடாதீர்கள்.